ஓடினை வணங்கலாமா? ரூன் போட்டுக் கேட்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) தெய்வங்களை வழிபடும் ஆசாத்ரு சங்கம் ஐஸ்லாந்தில் 1972-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. இன்று நார்வே, ஸ்வீடன், டென்மார்க், அமெரிக்கா என்று பல நாடுகளில் ஓடினுக்கும் தோருக்கும் ஃப்ரெய்யாவுக்கும் படையல் வைக்கிறவர்கள் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த பிறகு இந்த வழிக்கு வந்தவர்கள். இதுதான் உன் குலதெய்வம் என்று கைகாட்டப் பாட்டி தாத்தா யாரும் வீட்டில் இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே சந்தேகங்கள் வரிசை கட்டுகின்றன. எந்தத் தெய்வத்திடம் போவது? போனால் அது ஏற்குமா? ஏற்றதை எப்படித் தெரிந்துகொள்வது? கடைசியில் கை போய் நிற்பது ரூன் பையில், அதாவது ரூன் என்னும் பழைய வடஐரோப்பிய எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டிய கட்டைகள் கிடக்கும் பையில்.

ரூன் போட்டுக் கேட்பது என்று ஒரே பேச்சாகச் சொன்னாலும் அதற்குள் குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்றின் பலம் மற்றொன்றுக்குக் கிடையாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட வழிபாட்டில் எதைக் கவனிப்பது என்று கேட்க ரூன் நல்ல கருவி. "இந்தத் தெய்வம் என்னை விரும்புகிறதா?" என்ற கேள்விக்கு அது மோசமான கருவி. அதிலும் கேட்பது ஓடினைப் பற்றி என்றால் இன்னும் மோசம். காரணம் பின்னால் வரும்.

அந்தக் காலத்து ஆட்கள் தெய்வத்தைப் பற்றிக் குறி கேட்டதற்கு நல்ல சாட்சி ஒன்று 9-ஆம் நூற்றாண்டு ஸ்வீடனிலிருந்து கிடைக்கிறது. எழுதியவர் ரிம்பெர்ட் என்ற கிறிஸ்தவப் பேராயர். தன் குரு அன்ஸ்காரின் வாழ்க்கை வரலாற்றில் இதைச் சொல்கிறார். மறைப்பணிக்கு வந்த ஒரு கிறிஸ்தவ ஆயரின் வீட்டை உள்ளூர்க் கும்பல் சூறையாடுகிறது. கும்பலில் இருந்த ஒருவன் கொள்ளையில் தன் பங்கைத் தகப்பன் வீட்டில் கொண்டுவந்து வைக்கிறான். கொஞ்ச நாளில் ஆடுமாடு சாகிறது, ஆட்கள் சாகிறார்கள், கொள்ளையடித்த மகனும் சாகிறான். எந்தத் தெய்வத்தின் கோபம் இது என்று கேட்கத் தகப்பன் குறிகாரனிடம் போகிறார். குறிகாரன் சீட்டுப் போட்டுப் பார்த்து, நம் தெய்வங்கள் எல்லாம் உன்னிடம் சாந்தமாகத்தான் இருக்கின்றன, கிறிஸ்து ஒருவர்தான் பகையாக நிற்கிறார், அவருக்கு உரிய ஏதோ ஒன்று உன் வீட்டில் ஒளிந்திருக்கிறது என்கிறான். மகன் கொண்டுவந்த புத்தகம் அப்போதுதான் தகப்பனுக்கு நினைவுக்கு வருகிறது. அக்கம்பக்கத்தில் யாரும் அதைத் தொடப் பயப்பட, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வேலியில் கட்டித் தொங்கவிடுகிறார்.

சொல்கிறவர் கிறிஸ்தவர், கதையில் ஜெயிப்பதும் கிறிஸ்து. அந்த உப்பைக் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் குறி கேட்ட முறை கவனிக்கத்தக்கது. கேள்வி திட்டவட்டமானது. பதிலாக ஒரு பெயர் வந்தாக வேண்டும். எழுத்துக்கு உள்ளர்த்தம் சொல்லும் வேலையே அங்கே நடந்ததாகத் தெரியவில்லை. இன்றைய ரூன் வாசிப்பு அப்படி அல்ல.

முதல் வழி, இன்று அதிகம் புழங்கும் மூத்த ஃபுதார்க், அதாவது 24 எழுத்து கொண்ட பழைய ரூன் வரிசை. ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில் கிடைத்த கில்வர் (Kylver) கல்லில், ஏறத்தாழ கி.பி. 400-ஐ ஒட்டி, இந்த வரிசை முழுதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகளின் பழமையில் சந்தேகமே இல்லை. சிக்கல் பொருளில்தான். இந்த 24 எழுத்துக்கும் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்த விளக்கம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. "கெனாஸ்", "துரிசாஸ்" என்று இன்று சொல்லும் பெயர்கள், பிற்கால மொழிகளை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கியவை. பொருள் சொல்ல வேண்டுமானால் நூற்றாண்டுகள் கழித்து இங்கிலாந்திலும் நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் எழுதப்பட்ட மூன்று ரூன் பாடல்களிடம்தான் போக வேண்டும். அந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

ஓர் உதாரணம். ஃப்ரெய்யாவுக்கு விளக்கேற்றி வழிபடத் தொடங்கலாமா என்று கேட்டு ஒருவர் பையில் கை விடுகிறார், 'க' ஒலி தரும் ரூன் வருகிறது. பழைய ஆங்கிலப் பாடலைப் பிடித்தால் அது தீப்பந்தம், பெரியவர்கள் கூடியிருக்கும் அவையில் எரியும் வெளிச்சம். விளக்கேற்றக் கேட்டதற்குத் தீப்பந்தமே வந்துவிட்டது, இதைவிட நல்ல சகுனம் உண்டா என்று ஆள் குதிப்பார். நார்வே, ஐஸ்லாந்துப் பாடல்களைப் பிடித்தால் அதே ரூன் புண், குழந்தைகளைக் கொல்லும் நோய். ஒரே கட்டை, ஒரே கேள்வி. பதில் எந்தப் பாடலைப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான கையேடுகள் தீப்பந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு புண்ணைக் கமுக்கமாக விட்டுவிடுகின்றன.

'துரிசாஸ்' கதையும் அதே மாதிரிதான். இது தோரின் ரூன் என்று பலர் சொல்வார்கள். நார்வே, ஐஸ்லாந்துப் பாடல்களிலோ அது அரக்கன், பெண்களுக்கு வேதனை தருகிறவன். சம்மட்டி தூக்கி அரக்கர்களை அடிப்பதே தோரின் வேலை. தோர் கூப்பிடுகிறாரா என்று கேட்டவருக்கு அந்த ரூன் வந்தால், கூப்பிடுவது தோரா, தோரிடம் அடி வாங்குகிறவனா?

இந்தப் பையில் இன்னும் இரண்டு சங்கதிகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, எழுத்தே இல்லாத வெற்றுக் கட்டை. விதி என்றும் ஓடின் என்றும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அது 1982-ல் அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகத்தின் வழியாகப் பரவியது, பழைய சான்று எதுவும் கிடையாது. ஓடினைப் பற்றிக் கேட்கும்போது வெற்றுக் கட்டை வந்தால் "ஓடினே வந்துவிட்டார்" என்று முடிவு கட்டுவோர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாங்கிய பையில் அது இருந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். இன்னொன்று, 18 எழுத்து கொண்ட 'ஆர்மானன்' வரிசை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கீடோ ஃபான் லிஸ்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஜெர்மானிய இனப்பெருமை அரசியலோடு சேர்ந்து வளர்ந்தது அது. அதைத் தொடவே வேண்டாம்.

மூன்று ரூன் எடுக்கிறவர்களுக்குக் கணக்கு ஒன்று. 24-ல் மூன்று எடுத்தால் ஏதோ ஒரு குறிப்பிட்ட ரூன் அதில் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. தெய்வத்தைக் குறிக்கும் 'அன்சுஸ்', பயணத்தைக் குறிக்கும் 'ரைதோ', இன்னும் இரண்டு மூன்று என்று ஓடினோடு நான்கைந்து ரூன்களை இணைத்து வைத்திருந்தால் அவற்றில் ஒன்றாவது வருவது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. திரும்பத் திரும்ப ஓடின் ரூனே வருகிறது என்று சிலிர்ப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி 16 எழுத்து கொண்ட இளைய ஃபுதார்க். வைக்கிங் காலத்தில் புழங்கியது இதுதான். 'எட்டா' எனப்படும் பழைய நார்ஸ் புராணப் பாடல்களில் வரும் தெய்வங்களை வணங்கிய மக்கள் கல்லில் வெட்டியதும் இதைத்தான். முக்கியமான வசதி, 16-க்கும் நார்வே, ஐஸ்லாந்துப் பாடல்களில் தனித்தனிச் செய்யுள் இருக்கிறது. இரண்டும் வைக்கிங் காலம் முடிந்து கிறிஸ்தவ நாடுகளில் எழுத்தில் ஏறியவைதான். ஆனாலும் யாரோ ஒருவரின் இஷ்டத்துக்கு வளையாத ஒரு பாடம் கையில் இருக்கிறது.

ஒருவர் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்: "தினமும் ஓடினுக்கு ஏதாவது செய்யத் தொடங்கினால் நான் எதைக் கவனிக்க வேண்டும்?" வந்தவை ரைத், நௌத், மாத்ர். கையேட்டைத் திறந்தால் பயணம், தேவை, மனிதன் என்று ஒற்றைச் சொற்கள் கிடைக்கும். அதில் எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். ஐஸ்லாந்துப் பாடல் சொல்வது வேறு. ரைத்: உட்கார்ந்திருப்பவனுக்குச் சுகம், விரைவான பயணம், குதிரைக்குப் பாடு. நௌத்: அடிமைப் பெண்ணின் துயரம், கடினமான நிலைமை, உழைத்து மாளாத வேலை. மாத்ர்: மனிதனுக்கு மனிதனே மகிழ்ச்சி, மண்ணில் கூடும் மண், கப்பலுக்கு அழகு.

இப்போது படிக்கிறவருக்கு உறைக்கிற கேள்விகள் வருகின்றன. நான் அனுபவிக்கப்போகும் பக்திச் சுகத்துக்குப் பாடுபடப்போகும் குதிரை யார்? விடிகாலையில் எழுந்து நான் பூசையில் உட்கார, குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலை யார் தலையில் விழும்? தினமும் செய்தே தீருவது என்று கட்டிக்கொண்டால் அது சில மாதத்தில் அடிமை வேலையாகிவிடாதா? தனியாகச் செய்வதைவிட நாலு பேரோடு கூடிச் செய்யும் ப்ளோட் வழிபாட்டில் சேர்வது மேல் என்கிறதா மாத்ர்? இதில் ஓடின் விரும்புகிறாரா இல்லையா என்ற பேச்சே இல்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பாடலை மனப்பாடம் செய்ய வேண்டும், குறைந்தபட்சம் நல்ல மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆலங்கட்டி, பனிக்கட்டி, புண், அரக்கன் என்று இருட்டான எழுத்துகள் நிறைய, ஆறுதல் தேடி வருகிறவருக்கு ஒத்துவராது. தெய்வப் பெயர்களும் குறைவு. டீர் என்ற ஒற்றைக்கைத் தெய்வத்துக்குத் தனி எழுத்து இருக்கிறது. தெய்வம் என்று பொருள்படும் ஓஸ் எழுத்தை ஐஸ்லாந்துப் பாடல் நேரே ஓடினுக்குக் கொடுத்துவிடுகிறது. ஃப்ரெய்யாவுக்கு எதுவும் இல்லை. ஃப்ரெய்யாவின் சகோதரத் தெய்வமான ஃப்ரெய்ரோடு இணைத்துப் பேசப்படும் 'இங்' வேண்டுமானால் பழைய ஆங்கில வரிசைக்குத்தான் போக வேண்டும். அந்தப் பாடலின் ஏடு 1731-ல் லண்டன் தீவிபத்தில் எரிந்துபோனது, 1705-லேயே அச்சாகியிருந்ததால் பாடம் பிழைத்தது. ஃப்ரெய்ர் பக்தர்கள் ஆங்கில வரிசையை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்று பாடல்களிலிருந்தும் இனிப்பானதை மட்டும் பொறுக்குவதில்தான் ஆட்சேபம்.

மூன்றாவது, ஆம் இல்லை என்று கேட்கும் சீட்டு. கோயிலில் பூ கட்டிப் பார்ப்போமே, அந்த ஜாதி. சாகாக்கள் எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளில் 'ப்ளோட்ஸ்பான்', அதாவது பலிச்சீட்டு என்று வருவது இதுதான். ரூன் எழுத்து இதற்குக் கட்டாயமே இல்லை. இதன் ஒழுங்கு பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98-ல் ஜெர்மானியரைப் பற்றி எழுதியது இன்றும் உபயோகமானது. காய்க்கிற மரத்தின் கிளையை வெட்டித் துண்டுகளாக்கி, அடையாளம் இட்டு, வெள்ளைத் துணிமேல் வீசுவார்கள். ஊர்க் காரியம் என்றால் பூசாரி, வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவர், தெய்வங்களை வேண்டி, வானத்தைப் பார்த்தபடி மூன்று துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பார். அந்த அடையாளங்கள் ரூன்கள்தானா என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. அதைவிட முக்கியம் அடுத்து வரும் இரண்டு விதிகள். பதில் 'வேண்டாம்' என்று வந்தால் அந்த விஷயத்தை அன்று மறுபடி கேட்கக் கூடாது. 'சரி' என்று வந்தாலும் அது போதாது, பறவைச் சகுனமோ குதிரைச் சகுனமோ பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இல்லை என்பதற்கு ஒரு சாட்சி போதும், ஆம் என்பதற்கு இரண்டு வேண்டும். ஆசைப்பட்ட பதில் வரும்வரை பையைக் குலுக்கும் இன்றைய பழக்கத்துக்கு நேர் எதிர் இது.

இந்த வழி நல்லபடி முடிந்த கதையும் உண்டு, கெட்டபடி முடிந்த கதையும் உண்டு. நல்லது தோரோல்ஃபுடையது. நார்வேயின் மோஸ்டர் தீவில் தோர் கோயிலைப் பார்த்துக்கொண்டவர், தாடிக்காரர் என்று பட்டப்பெயர். ஹரால்ட் மன்னனின் பகையைச் சம்பாதித்துக்கொண்டபோது பெரிய பலி கொடுத்து, மன்னனோடு சமாதானமாகப் போவதா, நாட்டை விட்டுப் போவதா என்று தன் உற்ற நண்பன் தோரிடம் கேட்கிறார். ஐஸ்லாந்து என்று பதில் வருகிறது. கோயில் மரங்களோடு கப்பலேறி, கரை தெரிந்ததும் தோர் உருவம் செதுக்கிய இருக்கைத் தூணைக் கடலில் தள்ளி, அது ஒதுங்கிய இடத்தில் குடியேறுகிறார். இங்கே உறவு முதலில் இருக்கிறது, கேள்வி பிறகு வருகிறது. பதிலுக்கு மேல் தூணையும் விட்டுப் பார்க்கிறார், அது இரண்டாவது சாட்சி.

கெட்டது ஓடின் கதை, கவுத்ரெக் சாகாவில் வருகிறது. விகார் மன்னனின் கப்பல்கள் எதிர்க்காற்றால் நகர முடியாமல் நிற்கின்றன. சீட்டுப் போட்டுக் கேட்கிறார்கள். படையில் ஒருவனைத் தூக்கிலிட்டுத் தனக்குத் தர வேண்டும், ஆளையும் சீட்டே காட்டும் என்று ஓடினின் பதில். சீட்டு மன்னன் பெயரிலேயே விழுகிறது. யாருக்கும் மனசில்லை. சும்மா பாவனைக்குச் செய்துவிடலாம் என்று மன்னனின் நண்பன் ஸ்டார்காத் யோசனை சொல்கிறான். மெல்லிய கிளையில் கன்றுக்குட்டியின் குடலைக் கட்டி மன்னன் கழுத்தில் மாட்டுகிறார்கள். இதில் என்ன ஆபத்து வந்துவிடும் என்று மன்னனும் ஏறி நிற்கிறான். ஸ்டார்காத் ஒரு நாணல் தட்டையால் குத்தி, "இப்போது உன்னை ஓடினுக்குத் தருகிறேன்" என்கிறான். தட்டை ஈட்டியாகிறது, குடல் கயிறாகிறது, கிளை மேலே எழும்புகிறது. மன்னன் சாகிறான். அந்தத் தட்டையை ஸ்டார்காத் கையில் முந்தின நாள் கொடுத்ததே மாறுவேடத்தில் வந்த ஓடின்.

ஆரம்பத்தில் சொன்ன காரணம் இதுதான். ஓடின் சொல்வதாக அமைந்த பழைய பாடலான ஹாவமாலில் ஓடின் தன்னையே தனக்குப் பலியாக்கி, ஈட்டிக் காயத்தோடு ஒன்பது இரவு மரத்தில் தொங்கி, அலறிக்கொண்டே ரூன்களை எடுத்தான். ரூன் அவன் கைச்சரக்கு. அவனிடம் போகலாமா என்று அவன் சரக்கை வைத்தே கேட்டால் பதில் யார் பக்கம் சாயும்? அதே ஹாவமால், ஓடின் வளையத்தின்மேல் சத்தியம் செய்துவிட்டு மீறியவன், அவன் வாக்கை எப்படி நம்புவது என்று கேட்கிறது. அவனைப் போற்றும் நூலே சொல்லும்போது நாம் மறைக்க என்ன இருக்கிறது? ஓடினை வணங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கவிதைக்கும் அறிவுக்கும் அவனைத் தேடிப் போகிறவர்களின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. அவன் விஷயத்தில் ஆம் என்ற பதிலுக்கு ரூனுக்கு வெளியே ஒரு சாட்சி கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

தோர் விஷயத்தில் இந்த நெருக்கடி இல்லை. டென்மார்க்கின் கிளாவென்ட்ருப் கல் போன்றவற்றில் "தோர் இந்த ரூன்களைப் புனிதமாக்கட்டும்" என்றே வெட்டியிருக்கிறார்கள். ரூனுக்குக் காவலாக அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதால் அவரை வேண்டிக்கொண்டு சீட்டெடுப்பது பொருத்தமாகவே படுகிறது.

நான்காவது வழி, வேறொருவரிடம் போய்க் கேட்பது. நம் ஆசை பதிலில் கலக்காது என்பது இதன் ஒரே லாபம், அது பெரிய லாபம்தான். ஆனால் ஆளைப் பார்த்துப் போக வேண்டும். எகில் சாகாவில் ஹெல்கா என்ற பெண் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். அவள் படுக்கையில் ரூன் வெட்டிய திமிங்கல எலும்புத் துண்டு ஒன்றை எகில் கண்டுபிடிக்கிறான். அரைகுறையாகக் கற்ற ஓர் உழவர் வீட்டுப் பையன் வெட்டியது. எகில் அதைச் சுரண்டித் தீயில் போட்டு வேறு ரூன் வெட்டி வைக்கிறான், அவள் தேறுகிறாள். சரியாகப் படிக்கத் தெரியாதவன் ரூன் வெட்டக் கூடாது என்று அவன் பாடிய பாட்டும் அங்கே இருக்கிறது. எந்தப் பாடலை வைத்துப் பொருள் சொல்கிறீர்கள் என்று வாசிப்பவரிடம் முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஓடின் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார், அடுத்த அமர்வுக்கு வாருங்கள் என்று சொல்கிறவரிடம் எழுந்திருக்கவும் யோசிக்க வேண்டாம்.

கேட்காமலே இருப்பதும் ஒரு வழி. அதை நான்கோடு சேர்க்கவில்லை, ஆனால் புதிதாக வருகிறவருக்கு என் முதல் சிபாரிசு அதுதான். ரூன் வெட்டத் தெரியுமா, படிக்கத் தெரியுமா, கேட்கத் தெரியுமா, பலியிடத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்ட ஹாவமால் உடனே அடுத்த செய்யுளில் சொல்கிறது: அளவுக்கு மீறிப் பலியிடுவதைவிட வேண்டாமலே இருப்பது மேல், கொடை எப்போதும் கைம்மாறு எதிர்பார்க்கும். ஒரு கிண்ணம் பீரோ தேன்மதுவோ ஊற்றி, பெயர் சொல்லி, எதுவும் கேட்காமல் சில மாதம் போய்ப் பாருங்கள். பிடித்தால் தொடரும். பிடிக்காவிட்டால் தானாக நின்றுபோகும், யாருக்கும் நஷ்டமில்லை.

வாக்குக் கொடுப்பதுதான் ஆபத்தான இடம். சாகா ஒன்றில் வரும் ஐஸ்லாந்துத் தலைவன் ஹ்ராஃப்ன்கெல் தன் அருமைக் குதிரையில் ஃப்ரெய்ருக்குப் பாதிப் பங்கு கொடுத்து, அனுமதியில்லாமல் ஏறுகிறவனைக் கொல்வதாகச் சத்தியம் செய்தான். ஆடு தேடப் போன மேய்ப்பன் ஏறினான். சத்தியத்துக்காக அவனைக் கொன்றதில் தொடங்கி நிலம், பதவி எல்லாம் போனது. கடைசியில் தெய்வங்களை நம்புவதே வீண் என்று சொல்லிவிட்டுப் பலியிடுவதையே நிறுத்தினான்.

ஆக, தெய்வம் இன்னும் முடிவாகாதவர் ரூன் பையை மூடி வைத்துவிட்டுப் படையலில் தொடங்கலாம். ஏற்கெனவே வழிபட்டு வருகிறவர், அடுத்து என்ன என்று பார்க்க 16 எழுத்தும் ஐஸ்லாந்துப் பாடலும் எடுத்துக்கொள்ளலாம், கேள்வி தன் நடத்தையைப் பற்றியதாக இருக்கட்டும். ஆயுளுக்கும் ஒரு தெய்வத்துக்கு என்று வாக்குக் கொடுக்க நினைப்பவர் ஆம் இல்லை சீட்டை டாசிட்டஸ் சொன்ன விதிகளோடு போடட்டும், இரண்டாவது சாட்சிக்கு நிதானமாகக் காத்திருக்கட்டும், கூட வழிபடும் பழைய ஆள் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளட்டும். 24 எழுத்துப் பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய ஆங்கிலப் பாடலை வைத்தே அதைப் படிக்கலாம், 24 எழுத்துக்கும் அதில் செய்யுள் இருக்கிறது. வெற்றுக் கட்டை மட்டும் வெளியே.